படியளப்பவர் யார்?



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நடுப்பகல் உணவுக்குப் பொறுப்பாளி யார் என்னும் விஷயத்தைப் பற்றி எனக்கு முன்பு பேசியவர்களில் ஒருவர் பெற்றவரே ஊட்டவேண்டும் என்றும், மற்றொருவர் ஊரிலுள்ள தனவந்தர்களும் தர்ம ஸ்தாபனங்களும் முன்வரவேண்டும் என்றும், இன்னொருவர் வரி வாங்கும் சர்க்காரே சோறும் போடவேண்டும் என்றும் தத்தம் கட்சியை அழகாக எடுத்துரைத்தார்கள். தஞ்சை வட்டாரத்தின் எந்தத் தேநீர்க்கடையில் போய் உட்கார்ந்தாலும் இம்மூன்று அபிப்பிராயங்களும் ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் காதில் விழுந்துவிடும் ஆதலால், பொதுஜன அபிப்பிராயம் இன்னதென்று அறிய நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. நான் மூன்றாம் கட்சியைச் சேர்ந்தவன். அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒருபுறம் இருக்க, இந்தக் காவிரி நாட்டின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அதைச் சொல்லவே எழுந்தேன்.

அன்னதானம் என்றவுடன் மணிமேகலையின் அமுதசுரபியில் தொடங்குவது மேடைச் சம்பிரதாயம். அவர் சோறிட்ட காவிரிப்பூம்பட்டினம் நமக்குப் பக்கத்து ஊர்தான் என்றாலும், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் உள்ளவருக்கு வரவு செலவுக் கணக்கு என்னும் தொல்லையே கிடையாது. ஆகையால் அந்த அம்மையை வணங்கி ஒதுங்கி, குறையக்கூடிய பாத்திரத்தோடு மல்லாடிய ஒரு மன்னரிடமிருந்து தொடங்குகிறேன்.

தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் தம் அதிகாரத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்த காலத்தில், தம் முன்னோர் இராமேசுவர யாத்திரை மார்க்கத்தில் கட்டிவைத்த சத்திரங்களுக்கு எங்கே விக்கினம் வந்துவிடுமோ என்று அஞ்சி, 1801இல் கும்பினியின் ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரந்தோறும் வேதம் ஓதுவிப்போரும், பள்ளி உபாத்தியாயரும், நோய்க்கும் விஷக்கடிக்கும் மருந்து தரும் வைத்தியரும் இருந்தார்கள் என்பதையும், அங்கே வந்து சேரும் அநாதைப் பிள்ளைகள் உபாத்தியாயரின் பாதுகாப்பில் விடப்பட்டு, நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும், உடுக்கத் துணியும், நோய் கண்டால் மருந்தும் பெற்று, தமக்குப் பிரியமான வித்தையைக் கற்று, கற்று முடித்தபின் கலியாணச் செலவும் பெற்றார்கள் என்பதையும் அக்கடிதத்தில் அவர் விஸ்தாரமாக வருணிக்கிறார். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு என்பது நேற்று முளைத்த சர்க்கார் திட்டம் என்று எண்ணுவோர் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தின் கல் தூண்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எனினும், இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது மன்னரின் கருணையைக் காட்டிலும் அவருடைய கவலையே என் மனத்தில் தங்குகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறிட்ட வமிசத்தில் வந்தவர், அந்தச் சோறு நிற்காமல் இருக்கவேண்டுமே என்று ஒரு வர்த்தகக் கும்பினியின் உத்தியோகஸ்தருக்கு விண்ணப்பம் எழுத நேர்ந்தது என்றால், கொடுப்பவருடைய தர்மம் அவருடைய பாத்தியதையும் பதவியும் நிலைத்திருக்கும் மட்டுமே நிலைக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

சென்னைப் பட்டணத்தில் 1920இல் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பட்டினியோடு வருவதாலேயே பள்ளியில் நிலைப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மேலும் சில பள்ளிகளுக்கும் பரவிய அந்த ஏற்பாடு, ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக்கூடாது என்று அந்நிய சர்க்கார் தடுத்ததால் 1925இல் நின்றுபோயிற்று. கல்விப் பணம் வேறு, சோற்றுப் பணம் வேறு என்று கணக்கர்கள் கோடு கிழித்தார்கள். பிள்ளையின் வயிற்றுக்கும் தலைக்கும் நடுவே அப்படி ஒரு கோடு இருப்பதாக எந்தத் தாயும் அறியமாட்டாள்.

இனி, நம் காலத்தவர் பலர் கண்ணால் கண்ட சரித்திரத்துக்கு வருகிறேன். 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது அது முற்றிலும் சர்க்கார் திட்டமாக இருக்கவில்லை என்பதை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று, ஊராரின் நன்கொடையைக் கொண்டே பள்ளியில் அடுப்பு மூட்டும் இயக்கத்தை வளர்த்தார். மூட்டையாக நெல் தந்தவர்கள் உண்டு, தோட்டத்துக் காய்கறி தந்தவர்கள் உண்டு, வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துத் தந்த ஏழைத் தாய்மார்களும் உண்டு. அதற்காகத் தாமே பிச்சையெடுக்கவும் தயார் என்று காமராசர் சொன்னதாகச் சொல்வார்கள். மறு ஆண்டு நவம்பர் முதல் சர்க்கார் மானியம் வந்தது. அப்போதும் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கே சர்க்காருடையது, மீதி நாற்பது ஊராருடையதாகவே இருந்தது. மக்கள் கையும் சர்க்கார் கையும் சேர்ந்து தூக்கிய அந்தப் பானையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அன்று அவ்விதம் தொடங்கியிராவிட்டால் இன்று பேச ஒரு திட்டமே இராது.

ஆனால் தஞ்சை ஜில்லாவில் ‘ஊரார்’ என்ற சொல்லுக்குள்ளே யார் யார் இருந்தார்கள் என்பதை நாம் நிதானமாக யோசிக்கவேண்டும். அக்காலத்தில் இங்கே ஊரில் நெல் மூட்டை கொடுக்கக்கூடியவர் மிராசுதாரர். அந்த நெல்லை விதைத்து, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்து, தூற்றி, அவர் களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொட்டியவர் பண்ணையாள். பள்ளியில் தட்டேந்தி உட்கார்ந்திருப்பது அந்தப் பண்ணையாளின் பிள்ளை. பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952இல் தனியாக ஓர் அவசரச் சட்டமே பிறப்பிக்க வேண்டியிருந்த பூமி இது என்பதையும், அதற்குப் பதினாறு வருஷங்களுக்குப் பிறகும், கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்த பூமி இது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்பன் மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டு வயலில் இறங்க மறுத்து நிற்கும் மாதத்தில், அவன் மகன் பள்ளியில் உண்ணும் சோறு, அப்பன் எதிர்த்து நிற்கும் அதே களஞ்சியத்திலிருந்து வருவதானால், அந்தச் சோறு அப்பனுடைய வாயை அடைக்காதா? அந்த மாதம் மூட்டை வராமலே போனால் யார் போய்க் கேட்பது? கொடுத்தவர்களில் உத்தமர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் மனத்தில் இப்படி ஒரு கணக்கு இருந்ததென்று நான் குற்றம் சாட்டவில்லை. கொடுப்பவர் உத்தமராக இருந்தால்தான் பிள்ளைக்குச் சோறு என்ற ஏற்பாட்டையே நான் குறை கூறுகிறேன். கூலியாகக் கிடைக்கவேண்டியதில் ஒரு பகுதி தானமாகத் திரும்பி வரும்போது, வாங்குபவன் வாழ்த்தவும் வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு குறையும் உண்டு. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் தலைமடையில் கரை புரண்டாலும், முறை வைத்துப் பங்கிட ஒருவர் இல்லாவிட்டால் தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் வந்து சேராது என்பதை இங்கே சிறு பிள்ளையும் அறியும். தனவந்தர் தர்மமும் அப்படித்தான். பத்துப் பணக்காரர் உள்ள ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வடை பாயசம். எல்லோரும் கூலிக்காரராயுள்ள கடைமடை ஊரில், எங்கே சோறு மிகவும் வேண்டுமோ அங்கே, நூற்றுக்கு நாற்பது பங்கைக் கொடுக்க ஆளே கிடையாது.

இந்தக் கோணல் எப்போது நிமிர்ந்தது என்றால், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி ஜில்லா பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது என்பேன். இலங்கையில் பிறந்து, தகப்பனாரை இழந்து, நம் கும்பகோணத்து ஆனையடிப் பள்ளியில் சில காலம் படித்து, வறுமையினால் நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். பசியைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். முதலில் கிராமத்துச் சிறு பிள்ளைகளுக்கு, பிறகு நகரத்துக்கு, 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவருக்கு என்று திட்டம் விரிந்தது. கஜானா காலியாகிவிடும் என்றும், தட்டேந்தும் தலைமுறையை வளர்க்கிறார் என்றும் அன்று ஏளனம் செய்த படித்தவர்கள் ஏராளம். ஆனால் எம்.ஜி.ஆருக்குப் பின்னால் வந்த எந்த சர்க்காரும் அதை நிறுத்தத் துணியவில்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த முட்டை இன்று பள்ளி நாள்தோறும் கிடைக்கிறது. மற்ற மாகாணங்கள் பலவற்றில் பள்ளிப் பிள்ளையின் கையில் உலர்ந்த தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், சமைத்த உணவே தரவேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த உத்தரவு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றவர் பொறுப்பு என்ற கட்சிக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் 1906இல், பள்ளியில் உணவளிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தபோது, பெற்றோரின் கடமையுணர்ச்சி மழுங்கிவிடும் என்று கனவான்கள் வெகுண்டார்கள். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது ஏழை வாலிபர்கள் பலர் உடம்பில் வலுவில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்டு கலங்கிய பிறகே அந்நாடு அந்தச் சட்டத்துக்கு இணங்கிற்று. பொழுது விடியுமுன் நடவுக்குப் போகும் தாயைப் பார்த்து ‘உன் பிள்ளைக்கு மத்தியானச் சோறு ஏன் கட்டித் தரவில்லை’ என்று கேட்கிறவர், அவள் நட்ட வயலின் அரிசியைத்தான் தாம் உண்கிறோம் என்பதை எப்படி மறந்தாரோ தெரியவில்லை. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாம் போடும் நெல் அரைபட்டு, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கு வழியாகச் சத்துணவு மையத்துக்குப் போகிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. அந்தத் தாயின் உழைப்பு சுற்றிக்கொண்டு வந்து அவள் பிள்ளையின் தட்டில் விழுவதை இலவசம் என்று அழைக்க எனக்கு நாக் கூசுகிறது.

தர்ம ஸ்தாபனங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்சய பாத்திரம் என்னும் அமைப்பு, யந்திரச் சமையற்கூடங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் சமைப்பதில் நிபுணத்துவம் உடையது, அதை மறுப்பதற்கில்லை. சில வருஷங்களுக்கு முன் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு தர அந்த அமைப்பு வந்தபோது, அதன் சமையலில் வெங்காயமும் பூண்டும் சேராது என்பதை வைத்துப் பெரிய விவாதம் மூண்டது. சாம்பாரில் வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒரு மகாசபையா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கோ அது சிரிக்கும் விஷயமாகப் படவில்லை. கொடுப்பவர் தம் விரதத்தைப் பிள்ளையின் தட்டிலும் அனுஷ்டிக்க முற்படுகிறார். அது அவருடைய பணமானால் அவருக்கு அந்த உரிமை உண்டு என்றுகூடச் சொல்லலாம். அதனாலேதான் அது அவருடைய பணமாக இருக்கக்கூடாது என்கிறேன்.

ஆக, என் கட்சி இதுதான்: பிள்ளைக்குச் சோறிடும் கைக்கு முகம் இருக்கக்கூடாது. பொது வரிப்பணத்துக்கு மட்டுமே முகம் கிடையாது. இதைச் சொன்னவுடன் சர்க்கார் கட்சி நண்பர்கள் கைதட்டுவதைப் பார்க்கிறேன், சற்றுப் பொறுங்கள். முகமில்லாத அந்தப் பணத்துக்கு முகம் ஒட்டவைப்பதில் நம் ஆட்சியாளர்கள் எவருமே சளைத்தவர்கள் அல்லர். சத்துணவுக்கு ஒரு தலைவர் பெயர். காலை உணவுக்கு முதலமைச்சர் பெயர். 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, 31,008 பள்ளிகளில் சுமார் 15.75 லட்சம் பிள்ளைகள் பயனடைவார்கள் என்று சொன்னார்கள். நம் பக்கத்தில் நடந்த நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் சேமியா உப்புமாவுக்கும் ரவை உப்புமாவுக்கும் கைம்மாறாக அந்தப் பிள்ளைகள் எவருடைய படத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவ்வாறே, தம் ஜன்மதினத்தன்று பள்ளிக்கு வந்து, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, இனிப்புக் கொடுத்து, தமக்கு வாழ்த்துப் பாடச் சொல்லி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் உள்ளூர்ப் பிரமுகர்களையும் நான் வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்: இனிப்பை அனுப்பிவிடுங்கள், தாங்கள் வரவேண்டாம்.

சர்க்கார் கொடுத்துவிட்டால் பொதுஜனங்களாகிய நம் வேலை முடிந்ததா? கும்பகோணத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்! 2004 ஜூலை 16ஆம் தேதி காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தில் மூண்ட தீ, சத்துணவு சமைத்த கீற்றுக் கொட்டகையிலிருந்தே கிளம்பிற்று. அரிசி சர்க்கார் கொடுத்தது. பருப்பு சர்க்கார் கொடுத்தது. அடுப்புக்கு மேலே கீற்றுக் கூரை இருப்பதையும், அதற்குப் பக்கத்திலேயே மாடிப்படி குறுகலாய் இருப்பதையும், நெருக்கமான வகுப்புகளில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இருப்பதையும் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் பார்த்திருந்தும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் யாரும் கேட்கவில்லை. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போயிற்று. கொடுப்பவர் முகமற்றவராக இருக்கலாம். பார்த்துக்கொள்பவர்கள் முகமற்றவர்களாக இருந்தால் இப்படித்தான் முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு இருக்கிறது. பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் உண்டு பார்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் குழுவின் கூட்டத்தில் சமையலறைக்குள் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்று இச்சபையில் கையுயர்த்தச் சொன்னால் சங்கடமாக இருக்கும், ஆகவே சொல்லவில்லை.

கொடுப்பவர் யார் என்று இவ்வளவு பேசினோமே, உள்ளபடியே கரண்டியைப் பிடித்துச் சோறு போடுபவர் யார் என்பதையும் பேசவேண்டும். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூவராக, விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் உள்ளிட்ட பெண்கள் இந்தத் திட்டத்தைத் தாங்கி வருகிறார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தும் வருகிறார்கள். 2018இல் திருப்பூர் ஜில்லாவில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் சமைக்கலாகாது என்று ஊரார் சிலர் திரண்டு அந்த அம்மையை மாற்றச் செய்ததும், பிறகு எதிர்ப்புக் கிளம்பவே அவர் அங்கேயே திரும்ப அமர்த்தப்பட்டதும் பத்திரிகைகளில் வந்தது. ஊரார் கையில் முழுப் பொறுப்பையும் கொடுத்தால் எப்படியிருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவேண்டியதில்லை. பொது அபிப்பிராயம் என்பது எப்போதும் பொது தர்மம் ஆகிவிடாது. அதனாலேயே சட்டம் வேண்டியிருக்கிறது.

இப்போது சபையின் முன்னுள்ள தீர்மானத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்து வர்த்தகர்களிடமும் வெளிநாட்டிலுள்ள நம்மவரிடமும் நிதி திரட்டி, வாரத்தில் ஒரு நாள் பள்ளிகளில் விசேஷ விருந்து அளிப்பதென்றும், கொடையாளர் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதென்றும் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ‘விசேஷ விருந்து’ என்னும் சொற்களை நீக்கிவிட்டு, ‘ஓட்டை விழுந்த சமையலறைக் கூரை, குடிதண்ணீர்க் குழாய், கை கழுவும் தொட்டி ஆகியவற்றைப் பழுது பார்க்க’ என்று திருத்தவேண்டும் என்றும், பெயர்ப் பலகை பற்றிய வாசகத்தை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘சத்துணவுப் பெண்களின் ஊதியக் கோரிக்கையை இச்சபை ஆதரிக்கிறது’ என்று சேர்க்கவேண்டும் என்றும் நான் பிரேரேபிக்கிறேன். இதனால் நிதி குறையும் என்று பொருளாளர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. குறையட்டும், பெயருக்காகவே கொடுப்பவர் எத்தனை பேர் என்பதாவது தெரிந்துபோகும். வழிமொழிய யாராவது ஒருவர் எழுந்தால், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.